பாண்டாவைப் பற்றி நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாண்டாவைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஏதோ ஒரு விலங்கியல் தோட்டத்தில் குட்டி பிறந்ததைப் பற்றியோ, சீனாவிலிருந்து ஒரு ஜோடி வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பற்றியோதான் இருக்கின்றன. அச்செய்திகளில் 'அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு' என்ற அடைமொழி தவறாமல் இடம்பெறுகிறது. அந்த அடைமொழி இன்றைய நிலைக்குப் பொருந்தாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016 செப்டம்பரில் ஹவாயில் கூடியபோது, பாண்டாவை 'அழியும் அபாயத்தில் உள்ளவை' என்ற பிரிவிலிருந்து எடுத்து, அதைவிட ஒரு படி அபாயம் குறைந்த 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவை' என்ற பிரிவில் சேர்த்தது. பாதுகாப்பில் தளர்ச்சி வந்துவிடக்கூடும் என்று அஞ்சிய சீன அதிகாரிகள் அம்முடிவை அப்போது ஏற்கத் தயங்கினர். 2021 ஜூலையில் அவர்களும் அதே முடிவுக்கு வந்து, காட்டில் வாழும் பாண்டாக்களின் எண்ணிக்கை 1,800ஐத் தாண்டிவிட்டது என்று அறிவித்தனர்.

இனிக் கவலையே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு காட்டுவிலங்கு எதனால் குறைந்தது, எதனால் மீண்டது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நிகழ்வுகள் உலகில் மிகச் சிலவே. பாண்டாவின் மீட்சி தற்செயலாக வந்ததன்று. ஆய்வுக்கூடங்களில் மட்டும் நடந்ததுமன்று. மரம் வெட்டுவதை நிறுத்தியதும், மலையில் வாழும் மக்களைக் காவலில் சேர்த்துக்கொண்டதுமே அதற்கு அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. இவ்விரண்டும் மீண்டும் செய்யக்கூடியவை என்பதால்தான் எதிர்காலத்தைப் பற்றிய என் நம்பிக்கையும் உறுதியாக இருக்கிறது.

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். சீனா இதுவரை நான்கு நாடளாவிய கணக்கெடுப்புகளின் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. 1970களில் நடந்த முதற்கணக்கில் 2,459 பாண்டாக்கள், 1980களின் பிற்பகுதியில் 1,114, 1999 முதல் 2003 வரை நடந்ததில் 1,596, 2011 முதல் 2014 வரை நடந்ததில் 1,864. முதல் இரண்டு கணக்குகளும் வெவ்வேறு முறைகளில் எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றைக் கழித்துப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. மூன்றாம் கணக்குக்கும் நான்காம் கணக்குக்கும் இடையே தெரியும் ஏறத்தாழ 17 விழுக்காட்டு உயர்விலும், தேடிய நிலப்பரப்பு விரிந்ததால் கிடைத்த பங்கு கொஞ்சம் இருக்கிறது. இந்தத் தள்ளுபடியை எல்லாம் செய்த பிறகும், வீழ்ச்சி நின்று ஏற்றம் தொடங்கியிருக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அடர்ந்த மூங்கில் புதர்களுக்குள், மூடுபனி சூழ்ந்த சரிவுகளில், தனித்தனியே வாழும் ஒரு விலங்கை எப்படி எண்ணுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். விலங்கைப் பார்த்து எண்ணுவதில்லை; அதன் எச்சத்தைக் கொண்டு எண்ணுகிறார்கள். பாண்டா தின்னும் மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அதன் குடல் செரிப்பதில்லை. ஆகவே தண்டுத் துண்டுகள் கடித்த அளவிலேயே, பச்சை நிறம் மாறாமல், எச்சத்தில் வெளிவந்துவிடுகின்றன. ஒவ்வொரு பாண்டாவும் தண்டைக் கடிக்கும் நீளம் ஓரளவு மாறுபடும். குட்டியின் கடி சிறியது, முதிர்ந்ததன் கடி பெரியது. களப்பணியாளர்கள் அந்தத் துண்டுகளை எடுத்து வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, இது ஒரு பாண்டாவினுடையதா இரண்டினுடையதா என்று பிரித்தறிகிறார்கள். புதிய எச்சத்தின் மேல் பளபளவென்று படிந்திருக்கும் சளிப்படலத்தில் குடலின் உயிரணுக்கள் ஒட்டியிருப்பதால், அதிலிருந்து மரபணுவையும் எடுத்துவிட முடிகிறது. வாங்லாங் காப்பகத்தில் இப்படி மரபணு வழியே கணக்கிட்ட ஆய்வு 2006இல் வெளியானபோது, முன்பு 27 என்று எண்ணப்பட்டிருந்த இடத்தில் 66 பாண்டாக்கள் இருந்தது தெரியவந்தது. ஒரு காப்பகத்தின் முடிவை நாடு முழுவதற்கும் விரித்துவிடக்கூடாதுதான். ஆனாலும் கடித்துண்டுக் கணக்கு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டவும் வாய்ப்புண்டு என்பதை அது உணர்த்தியது.

இனி, இவ்விலங்கு குறைந்தது ஏன் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சீனாவின் தெற்கிலும் கிழக்கிலும் பரவி, அண்டை நாடுகளின் வடபகுதி வரை வாழ்ந்திருந்த பாண்டா, இன்று சிச்சுவான், ஷான்ஸி, கான்சு ஆகிய மூன்று மாநிலங்களில் உள்ள ஆறு மலைத்தொடர்களுக்குள் ஒதுங்கிவிட்டது. சமவெளிகளையும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளையும் உழவு எடுத்துக்கொண்டது. மிஞ்சிய மலைக்காடுகளில் 1950கள் முதல் அரசின் மரவெட்டு நிறுவனங்கள் புகுந்தன. இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பது 1970களின் நடுவில் மூங்கில் பூத்தபோது வெளிப்பட்டது. மூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்து, விதைத்து, கூட்டமாகப் பட்டுப்போகும் என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வளர்ந்த தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூங்கிலரிசி அங்கே அறிமுகமான பொருள்தான். பாண்டாவுக்கும் இது புதிதன்று. ஓரினம் பட்டுப்போனால் மேலேயோ கீழேயோ வேறோரினம் இருக்கும். இல்லையென்றால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இடையில் வயலும் ஊரும் சாலையும் வந்துவிட்ட பிறகு போவதற்கு வழியில்லாமற்போனது. 1975-76இல் மின்ஷான் மலைப்பகுதியில் 138 பாண்டாக்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் கொன்றது பஞ்சம் என்று சொல்வதைக்காட்டிலும், பஞ்சத்திலிருந்து தப்பிச் செல்லும் வழிகளை மனிதர் அடைத்தது என்று சொல்வதே சரியாகும்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் முறையான ஆய்வு தொடங்கியது. வோலோங் காப்பகத்தின் காட்டுக்குள் கூடாரமடித்து 1978இல் ஒரு கண்காணிப்பு நிலையத்தை ஏற்படுத்தியவர் பேராசிரியர் ஹூ ஜின்சூ. 1980 முதல் உலக இயற்கை நிதியத்தின் சார்பில் ஜார்ஜ் ஷாலர் அவருடன் சேர்ந்துகொண்டார். பாண்டாவின் கழுத்தில் வானொலிப் பட்டை பொருத்தி, அது என்ன தின்கிறது, எவ்வளவு நேரம் தின்கிறது, எவ்வளவு தொலைவு நடக்கிறது என்று முதன்முதலில் உலகுக்குச் சொன்னவர்கள் இவர்களே.

இதே வரிசையில் நான் மிகவும் மதிப்பவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் பான் வென்ஷி. 1980களின் நடுவிலிருந்து சின்லிங் மலையில் பாண்டாக்களைத் தொடர்ந்து கவனித்த அவரும் அவருடைய மாணவர்களும், காட்டுப் பாண்டாக்கள் தம் இயல்பில் நன்றாகவே இனப்பெருக்கம் செய்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கான தரவுகளுடன் நிறுவினர். அவர்கள் பட்டை பொருத்திக் கவனித்த ஜியாவ் ஜியாவ் என்ற பெண் பாண்டா ஒன்றன்பின் ஒன்றாகப் பல குட்டிகளை ஈன்று வளர்த்தது. பாண்டா அழிவது அதன் உடற்குறையால் என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. உடலில் குறையில்லை, வாழிடத்தில்தான் குறை என்று பான் வென்ஷி வாதிட்டார். அவர் ஆய்வு செய்த சாங்சிங் காட்டிலேயே மரவெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. 1993இல் அவரும் வேறு பல அறிவியலாளரும் கையொப்பமிட்டுச் சீனத் தலைமைக்கு எழுதிய கடிதத்தின் பயனாக அங்கே கோடரி நின்றது. 1995இல் அந்தக் காடு இயற்கைக் காப்பகமாக்கப்பட்டது. மரம் வெட்டிப் பிழைத்த தொழிலாளர்கள் வேறு வேலைக்கு மாற வேண்டியிருந்தது என்பதையும், அவர்களுள் சிலர் பின்னர் அதே காட்டின் காவலர்கள் ஆனார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று.

ஒரு காட்டில் நடந்தது நாடு முழுதும் நடக்க ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 1998 கோடையில் யாங்சி ஆறு கரையுடைத்துப் பெருகியதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், கோடிக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். மேற்கு மலைகளில் காடுகளை மொட்டையடித்ததே வெள்ளத்தின் கொடுமையைப் பெருக்கியது என்று உணர்ந்த அரசு, யாங்சியின் மேற்பகுதியில் இயற்கைக் காடுகளை வெட்டுவதற்குத் தடை விதித்தது. சிச்சுவானின் மேற்குப் பகுதியில் அவ்வாண்டு செப்டம்பர் முதலே தடை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, செங்குத்துச் சரிவுகளில் உழுதுவந்த விவசாயிகள் அந்நிலத்தை மீண்டும் காடாக்கினால் அவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இரண்டுமே வெள்ளத்தையும் மண்ணரிப்பையும் மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள். பாண்டாவை எண்ணி எடுக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் பாண்டாவுக்கு அதுவரை கிடைத்த உதவிகள் அனைத்தையும்விடப் பெரிய உதவி இதுவாகவே அமைந்தது. 1976 முதல் 2001 வரை பாண்டாவின் வாழிடம் சுருங்கிக்கொண்டும் துண்டுபட்டுக்கொண்டும் வந்தது என்றும், 2001க்குப் பிறகு அப்போக்கு நின்று மிகச் சிறிதளவேனும் திரும்பியது என்றும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. திரும்பிய அளவு சிறிதுதான். எனினும் திசை மாறியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சட்டமும் தடையும் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு வோலோங்கின் அனுபவம் விடை சொல்கிறது. உலகப் புகழ்பெற்ற இக்காப்பகம் 1963இல் நிறுவப்பட்டு 1975இல் 2,000 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லியூ ஜியாங்குவோவும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. காப்பகம் என்று அறிவித்த பிறகும் அங்கே பாண்டாவுக்கு உகந்த காடு தொடர்ந்து அழிந்துவந்தது. அழிவின் வேகம் சுற்றுப்புறப் பகுதிகளைவிடக் குறைவாகக்கூட இல்லை. காரணம் கள்ளத்தனமாக நடந்த பெரிய மரவெட்டு அன்று. காப்பகத்துக்குள்ளேயே திபெத்தியர், சியாங், ஹான் இனங்களைச் சேர்ந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுடைய வீடுகளில் குளிர்காலத்துக்கு வேண்டிய கணப்புக்கும், அதைவிட முக்கியமாகப் பன்றிகளுக்குத் தீனி வேகவைப்பதற்கும், ஆண்டு முழுவதும் விறகு தேவைப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பெரிய அடுப்பில் கிழங்கும் சோளமும் கீரையும் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்க, அருகிலுள்ள மரங்கள் தீர்ந்ததும் மக்கள் மேலும் மேலும் உயரத்துக்கு ஏறி, பாண்டாவின் மூங்கிற்காட்டுக்குள்ளேயே வெட்டத் தொடங்கினர். மின்சாரம் இருந்தது. ஆனால் விலை அதிகம், மின்னழுத்தம் போதவில்லை, அடிக்கடி நின்றும்போனது. அத்தகைய மின்சாரத்தை நம்பி யார்தான் விறகை விடுவார்கள்?

2000க்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. மின்வசதி மேம்படுத்தப்பட்டு விலை குறைக்கப்பட்டது. அதோடு, காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில குடும்பங்களின் பொறுப்பில் விட்டு, அங்கே சட்டவிரோத வெட்டு நடக்கவில்லை என்றால் அக்குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். காவலர் கண்ணில் மண்ணைத் தூவி ஏறிய மலைக்கே அவர்கள் காவலர்கள் ஆனார்கள். காடு திரும்பத் தொடங்கியது. இதில் இன்னொரு நுட்பமும் தெரியவந்தது. ஒரு துண்டைப் பார்த்துக்கொள்ளும் குழு மிகச் சிறியதாக இருந்தாலும் காவல் தளர்ந்தது. மிகப் பெரியதாக இருந்தாலும் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிட்டனர். நடுத்தர அளவுள்ள குழுக்களின் பொறுப்பில் இருந்த காடுகளே நன்றாகத் தழைத்தன என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. காப்பகம் என்றால் மக்களை வெளியேற்றுவது என்று எண்ணும் அதிகாரிகள் எந்த நாட்டில் இருந்தாலும், வோலோங்கின் இந்தப் பத்தாண்டுகளை அவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனப்பெருக்க நிலையங்களைப் பற்றி நாளிதழ்கள் போதுமான அளவு எழுதிவிட்டதால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பெண் பாண்டா ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கிறது. பிறக்கும் குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். இரட்டைக் குட்டிகள் பிறந்தால் தாய் பெரும்பாலும் ஒன்றையே ஏற்று மற்றதைக் கைவிட்டுவிடும். பணியாளர்கள் ஒரு குட்டியைத் தாயிடமும் மற்றதை அடைகாப்புப் பெட்டியிலும் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாய் அறியாமல் மாற்றி மாற்றி வைத்து இரண்டையும் காப்பாற்றும் முறையை உருவாக்கிய பிறகு, குட்டிகளின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் வளர்ப்பில் உள்ள பாண்டாக்கள் 700ஐத் தாண்டிவிட்டன. எங்கள் சிங்கப்பூரில் ரிவர் வொண்டர்ஸ் பூங்காவுக்கு 2012இல் வந்த கை கை, ஜியா ஜியா ஜோடிக்கு, பல ஆண்டுகள் காத்திருந்த பின் செயற்கைக் கருவூட்டல் மூலம் 2021 ஆகஸ்ட்டில் லெ லெ பிறந்தது. 2024 ஜனவரியில் ஒப்பந்தப்படி அது சீனாவுக்குப் புறப்பட்டபோது இங்குள்ள குழந்தைகள் பலர் கண்கலங்கினார்கள். அந்த அன்பு உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கூண்டில் எத்தனை பாண்டாக்கள் இருந்தாலும் அது காட்டில் பாண்டா இருப்பதற்கு ஈடாகாது. வளர்ப்புப் பாண்டாக்களால் காட்டுக்கு என்ன பயன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கும் விடை மெல்லக் கிடைத்துவருகிறது. 2006இல் முதன்முதலாகக் காட்டில் விடப்பட்ட சியாங் சியாங் ஓராண்டுக்குள் இறந்துகிடந்தது. அங்கிருந்த காட்டுப் பாண்டாக்களுடன் நேர்ந்த மோதலில் அது காயப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். அவர்கள் அத்துடன் விட்டுவிடாமல் முறையையே மாற்றினார்கள். மனிதர் வளர்த்துப் பழக்குவதற்கு மாறாக, காட்டில் பிறந்த ஒரு தாயிடமே குட்டியை விட்டு, வேலியிட்ட காட்டுக்குள் அதுவே எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும்படி செய்தார்கள். குட்டி மனிதருக்குப் பழகிவிடக்கூடாது என்பதற்காக, அருகில் போகவேண்டிய பணியாளர்கள் பாண்டா வேடமிட்டு, அந்த உடையில் பாண்டாவின் சிறுநீரைத் தடவிக்கொண்டு போனார்கள். இப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012 அக்டோபரில் லிசிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் அது நல்ல உடல்நிலையில் இருந்தது உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் விடப்பட்டவற்றுள்ளும் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. எண்ணிக்கை சிறிது என்பது உண்மையே. ஆனால் லிசிபிங் அமைந்துள்ள சியாவ்சியாங்லிங் மலைத்தொடர் முழுவதிலும் நான்காம் கணக்கெடுப்பின்படி 30 பாண்டாக்களே இருந்தன. அத்தகைய இடத்தில் புதிய குருதியுடன் சேரும் ஒவ்வொரு பாண்டாவும் அந்தச் சிறு கூட்டத்தின் மரபணுவளத்தைக் கூட்டுகிறது.

பாண்டா அழிவது இயற்கையின் தீர்ப்பு, அதற்காகச் செலவழிப்பது வீண் என்று சொல்பவர்களும் உண்டு. பிரிட்டனின் தொலைக்காட்சி இயற்கையாளர் கிறிஸ் பாக்கம் 2009இல் ஏறத்தாழ இதே கருத்தைச் சொல்லிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். ஊனுண்ணியின் குடலை வைத்துக்கொண்டு மூங்கிலைத் தின்னும் விலங்கு எப்படிப் பிழைக்கும் என்பது இவ்வாதத்தின் வேர். அந்த விலங்கு பல இலட்சம் ஆண்டுகளாக அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது. மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, மூங்கிலைப் பற்றும் ஆறாம் விரல்போல் உதவுகிறது. உடல் செலவிடும் ஆற்றல் அதே எடையுள்ள மற்ற பாலூட்டிகள் செலவிடுவதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 2010இல் பாண்டாவின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து நலிந்த இனத்தின் அடையாளங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் வியக்கும் அளவுக்கு அதில் மரபியல் வேறுபாடு மிகுந்திருந்தது. இது முடிந்துபோன இனம் அன்று.

செலவைப் பற்றிச் சொல்வதானால், பாண்டாக் காப்பகங்களின் காடுகள் தரும் நீர், மண் பாதுகாப்பு, கரியமில வாயு உறிஞ்சுதல், சுற்றுலா முதலியவற்றின் மதிப்பு 2010இல் ஆண்டுக்கு 260 கோடி முதல் 690 கோடி அமெரிக்க டாலர் வரை இருந்தது என்றும், அது பாதுகாப்புச் செலவைப்போல் 10 முதல் 27 மடங்கு என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பொன்னிறக் குரங்கும் தாக்கின் என்னும் மலையாட்டினமும் செம்பாண்டாவும், வேறெங்கும் காணக்கிடைக்காத பறவைகள் பலவும் இதே காடுகளில்தான் வாழ்கின்றன.

ஆயினும் பாண்டாவைக் காத்தால் எல்லாமே காக்கப்பட்டுவிடும் என்பது மிகை. 1960களுக்குப் பிறகு பாண்டாக் காப்பகங்களில் சிறுத்தை வாழ்ந்த பரப்பு 81 விழுக்காடும், ஓநாய் வாழ்ந்த பரப்பு 77 விழுக்காடும், செந்நாய் வாழ்ந்த பரப்பு 95 விழுக்காடும் சுருங்கிவிட்டதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுமலையிலும் ஆனைமலையிலும் இன்றும் கூட்டமாக வேட்டையாடும் அதே செந்நாய்தான் அங்கே ஏறக்குறைய இல்லாமற்போயிருக்கிறது. பாண்டாவுக்குச் சில சதுர கிலோமீட்டர் மூங்கிற்காடு போதும். வேட்டை விலங்குகளுக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் தேவை. இந்த இழப்பு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பாண்டாவின் வெற்றியைச் சொல்லி இதை மறைத்துவிடக்கூடாது.

பாண்டாவுக்கே இன்றுள்ள பெரும் இடையூறு, அதன் காடு துண்டுபட்டுக் கிடப்பதுதான். நான்காம் கணக்கெடுப்பின்படி 1,864 பாண்டாக்களும் 33 தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருந்தன. அவற்றுள் 22 கூட்டங்களில் முப்பதுக்கும் குறைவானவையும், அவற்றிலும் 18 கூட்டங்களில் பத்துக்கும் குறைவானவையுமே இருந்தன. வாழிடத்துக்குள் 319 நீர்மின் நிலையங்கள் இருந்தன. கால்நடைகளும் பெருகிவிட்டன, வாங்லாங்கில் மேயவிடப்பட்ட மாடுகளும் குதிரைகளும் மூங்கிலைத் தின்று, பாண்டாவைத் தாழ்ந்த சரிவுகளிலிருந்து விரட்டியிருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, அடுத்த எண்பது ஆண்டுகளில் பாண்டாவின் மூங்கிற்காட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பநிலை உயர்வால் அழியக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016இல், நிலையை மாற்றி அறிவித்த அதே அறிக்கையிலேயே, சேர்த்திருந்தது.

இவ்வளவையும் அறிந்த பிறகும் நான் நம்பிக்கையோடு இருப்பதற்குக் காரணம், துண்டுபட்டதை இணைக்கும் வேலை பேச்சோடு நின்றுவிடாமல் நிலத்தில் நடந்துகொண்டிருப்பதே. சின்லிங் மலையில் 108ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சுரங்கப்பாதைக்குள் இறங்கிய பின், மேலே கைவிடப்பட்ட பழைய சாலைப் பகுதியில் மூங்கில் நட்டு வளர்த்தார்கள். பாண்டாக்கள் அந்தப் பக்கம் வந்துபோனதற்கான தடயங்கள் பிறகு கிடைத்தன. தாசியாங்லிங் மலையில் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளமுள்ள நீபா மலைச் சுரங்கப்பாதை 2012இல் திறக்கப்பட்டதும், மலைமேல் சென்ற பழைய சாலையின் போக்குவரத்து வெகுவாகக் குறைந்து, இருபுறத்துக் காடுகளையும் இணைக்க வாய்ப்புக் கிடைத்தது. 2021 அக்டோபரில் முறைப்படி நிறுவப்பட்ட பாண்டா தேசியப் பூங்கா, ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், முன்பு தனித்தனியே வெவ்வேறு அலுவலகங்களின் கீழிருந்த காப்பகங்களை ஒரே நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. காட்டுப் பாண்டாக்களில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அதன் எல்லைக்குள் வாழ்கின்றன. அங்கே கனிமச் சுரங்கங்களும் சிறு நீர்மின் நிலையங்களும் மூடப்பட்டுவருகின்றன. வெப்பநிலை உயர்ந்தால் பாண்டா மேலேயும் வடக்கேயும் நகர வேண்டியிருக்கும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும். 1975இல் அடைபட்டுக் கிடந்தவை இத்தகைய வழிகள்தாம். அவை இப்போது ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். குட்டிகள் பிறந்த செய்தியையும் அவற்றின் பிறந்தநாள் படங்களையும் வெளியிடுவதை நிறுத்த வேண்டாம். குழந்தைகள் அவற்றை விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றோடு, அடுத்த நாடளாவிய கணக்கெடுப்பின் முடிவு வெளியாகும்போது அதை உள்பக்க மூலையில் நான்கு வரியில் முடித்துவிடாமல் விரிவாக வெளியிடுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் தராமல், அந்த 33 கூட்டங்களில் எத்தனை ஒன்றோடொன்று இணைந்தன, பத்துக்கும் குறைவாக இருந்த 18 கூட்டங்கள் என்னவாயின என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். 'அழிவின் விளிம்பில்' என்ற அடைமொழியை இவ்விலங்குக்கு இனிப் பயன்படுத்தாதிருக்குமாறு தங்கள் செய்தியாளர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்